மார்க் போட்ட பிறகு

ஸ்ரீபெரும்புதூர் ஒன்றியத்தில் அரசுப் பள்ளியில் படிக்கும் ஒரு பெண் பாட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுத்தால், அதற்கப்புறம் அவள் ஏற வேண்டிய படிகள் தயாராக இருக்கின்றன. முதலில் பள்ளி, பிறகு வட்டாரம், அடுத்து மாவட்டம், கடைசியில் மாநிலம். பள்ளிக்கல்வித் துறை 2022இல் தொடங்கிய கலைத் திருவிழாவின் ஏணி இது. உச்சியில் ‘கலையரசன்’, ‘கலையரசி’ என்று பட்டம் காத்திருக்கிறது. வென்றவர்களை வெளிநாட்டுக்கு அழைத்துப்போகும் ஏற்பாடும் உண்டு. இன்னொரு பக்கம் கலை பண்பாட்டுத் துறை மாவட்டந்தோறும் வயதுவாரியாக விருதுகள் வழங்குகிறது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அதில் ‘கலை இளமணி’. ஒரகடம், வல்லம், சுங்குவார்சத்திரம், மாம்பாக்கம் என்று தொழிற்சாலை மதில்களுக்கு நடுவே கிடக்கும் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை. அந்தப் பகுதியில் சபா கிடையாது. காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் டயரும் கண்ணாடியும் செல்போனும் செய்யும் இடம் அது. கச்சேரி கேட்க வேண்டுமென்றால் கிழக்கே சென்னைக்கு அல்லது மேற்கே காஞ்சிபுரத்துக்குப் போக வேண்டும்.

ஒவ்வொரு படியிலும் ஒரு மேசை போட்டிருக்கும். அதன் பின்னால் இரண்டு மூன்று பேர்: இசை ஆசிரியர், இசைப்பள்ளி வாத்தியார், சில நேரம் பெயர் தெரிந்த வித்வான். அவர்கள் முன்னால் ஒரு தாள். அதில் சுருதி, தாளம், குரல்வளம், உச்சரிப்பு என்று கட்டங்கள். பிள்ளை சில நிமிடம் பாடும், வணக்கம் சொல்லும், இறங்கிப் போகும். சாயங்காலம் மூன்று பெயர் படிப்பார்கள். மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் என்ன கேட்டார்கள், எங்கே முகம் மலர்ந்தார்கள், எந்த இடத்தில் பேனாவை அழுத்தினார்கள் என்பது பாடிய பிள்ளைக்குக் கடைசிவரை தெரியாது. அந்தத் தாள் ஒரு கோப்புக்குள் போகிறது.

நடுவராக உட்காரும் இசைக்கலைஞர் இளம் பிள்ளைக்கு உண்மையில் எதைத் தர முடியும் என்பது பழைய கேள்வி. நியாயமாகத் தீர்ப்புச் சொல்ல எட்டி நிற்க வேண்டும். சொல்லிக்கொடுக்கக் கிட்டே வர வேண்டும். இரண்டையும் ஒரே ஆள் செய்வது கஷ்டம் என்பதால் விழா நடத்துகிறவர்கள் முதலாவதைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதைக் கைவிட்டார்கள். கைவிட்டதற்குப் பலனாக நியாயமாவது முழுசாகக் கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. என் கட்சி இதுதான். சாட்சிக்கு முதலில் பக்கத்து ஊருக்கே போகலாம்.

காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை (1889–1934) பாடகி தனகோடி அம்மாளின் குடும்பத்தில் வந்தவர். சுப்பிரமணிய பிள்ளை என்பது இயற்பெயர். லயத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று பெயர் எடுத்தவர். வயலின், மிருதங்கத்தோடு கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று மேடை நிறைய ஆட்களை உட்காரவைத்து, எல்லோரும் சேர்ந்து இழுத்தாலும் தாளத்தை விடாமல் பாடும் ‘ஃபுல் பெஞ்ச்’ கச்சேரி அவருடைய முத்திரை. சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை அவருடைய சீடர். வீணை தனம்மாளின் பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் அவரிடம் கற்றவர்கள். காஞ்சியில் அவர் தியாகராஜ உற்சவம் நடத்தினார். அந்தக் காலத்து வித்வான்கள் அங்கே வந்து பாடினார்கள்.

காஞ்சிபுரத்தில் 1919இல் பிறந்த அலமேலு என்கிற பட்டம்மாள் — தாமல் கிருஷ்ணசாமி தீட்சிதரின் மகள், பின்னாளில் டி.கே. பட்டம்மாள் — சிறுமியாக இருந்தபோது நாயனாப் பிள்ளை நடத்திய ஒரு போட்டியில் தியாகராஜரின் பைரவி ராகக் கீர்த்தனை ‘ரக்ஷ பெட்டரே’யைப் பாடி முதல் பரிசு வாங்கினார் என்று அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. பைரவி பெரிய ராகம். அனுபவப்பட்டவர்களே அதில் காலை ஊன்றித்தான் நடப்பார்கள். ஒரு சின்னப் பெண் அதில் பரிசு வாங்கியது நல்ல கதைதான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது பரிசுக்கு அப்புறம் நடந்தது.

பட்டம்மாள் குருகுலத்தில் தங்கிப் பயின்றவர் அல்லர். அம்பி தீட்சிதர், டி.எல். வெங்கடராம ஐயர், பாபநாசம் சிவன் என்று பலரிடம் பல உருப்படிகள் கற்றார். நாயனாப் பிள்ளையிடம் அவர் முறையாகப் பாடம் கேட்கவில்லை. உற்சவத்துக்குப் போய்க் கேட்டார். திரும்பத் திரும்பக் கேட்டார். அவரையே மானசீக குருவாக வைத்துக்கொண்டார். மேடையில் ராகம் தானம் பல்லவி பாடுவது ஆண்களின் காரியம் என்று இருந்த நாளில் பட்டம்மாள் அதைத் துணிந்து எடுத்தாரே, அந்தத் துணிவுக்கு வேண்டிய லயக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அந்த உற்சவப் பந்தலுக்குத்தான் வர வேண்டும். பரிசு கொடுத்த அதே ஆள், அதே ஊரில், வருஷா வருஷம் தன் பாட்டைக் கேட்க வழி வைத்திருந்தார். போட்டி ஒரு நாள் நடந்தது; கேள்வி ஞானம் பல வருஷம் வளர்ந்தது. பட்டம்மாளுக்கு 1970இல் சங்கீத கலாநிதி கிடைத்தது. அவர் தம்பி டி.கே. ஜெயராமனுக்கு 1990இல்.

அந்த ஏற்பாட்டைப் பொற்காலம் என்று கொண்டாட எனக்கு மனமில்லை. அந்தப் பந்தலுக்குள் யார் வர முடிந்தது, யாரால் வர முடியவில்லை என்பது தனிக் கதை. பட்டம்மாள் வீட்டிலேயே தாயார் நன்றாகப் பாடுவார், ஆனால் வெளியே பாடியதில்லை. நான் எடுத்துக்கொள்வது ஒன்றைத்தான். அங்கே நடுவர் போட்டி முடிந்ததும் காணாமல் போகவில்லை.

இதற்கும் பழைய ஒரு காட்சியைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. அரங்கேற்று காதையில் மாதவி ஆடப்போகிறாள். இளங்கோ உடனே ஆட்டத்துக்கு வருவதில்லை. ஆடலாசிரியன் எப்படிப்பட்டவன், இசையாசிரியன் எதெல்லாம் அறிந்தவன், பாட்டு எழுதும் புலவன், தண்ணுமை வாசிப்பவன், குழல் ஊதுபவன், யாழ் மீட்டுபவன் என்று ஒவ்வொருவருக்கும் என்னென்ன தகுதி வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்லிவிட்டு, அப்புறம் அரங்கின் அளவைச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் பெண்ணை மேடைக்குக் கொண்டுவருகிறார். ஆசிரியர்கள் எல்லோரும் அவளோடு மேடையிலேயே இருக்கிறார்கள். பார்த்து மெச்சித் தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் கொடுப்பவன் சோழ மன்னன். பரிசு கொடுப்பவன் வேறு, கற்றுக்கொடுத்தவர்கள் வேறு. ஆனால் யாரும் யாருக்கும் முகம் தெரியாதவர் இல்லை. அதோடு, அங்கே பிள்ளையின் தகுதிக்கு முன்னால் பெரியவர்களின் தகுதிதான் விலாவாரியாக எடைபோடப்படுகிறது. இன்றைக்கு நடுவருக்கு என்ன தகுதி என்று கேட்கும் அறிவிப்பு ஒன்றைக் காட்டுங்கள் பார்க்கலாம். போட்டியாளருக்கு வயது, நேரம், உருப்படி, உடை வரை விதி இருக்கும். நடுவரைப் பற்றி ஒரே வரி: நடுவர் தீர்ப்பே இறுதியானது.

நடுவரும் ஆசிரியரும் அதிகாரபூர்வமாகப் பிரிந்தது வானொலி காலத்தில். அகில இந்திய வானொலி 1952இல் கலைஞர்களுக்குத் தேர்வுமுறை கொண்டுவந்தது. பி.வி. கேஸ்கர் அப்போது மத்திய அமைச்சர். மேடையில் பல காலம் பாடியவர்களும் ஒரு குழு முன்னால் பாடித் தரம் வாங்க வேண்டும் என்றதும் பெரிய கொந்தளிப்பு எழுந்தது. யார் யாரைச் சோதிப்பது என்ற கேள்வி வித்வான்களைச் சுட்டது. ஆனாலும் முறை நிலைத்துவிட்டது. பி, பி-ஹை, ஏ, ஏ-டாப் என்ற தரங்கள் இன்று கச்சேரி நோட்டீசிலேயே அச்சாகின்றன. இதில் நல்லது ஒன்று இருந்தது. கேட்கிறவருக்குப் பாடுகிறவரின் பெயரும் முகமும் தெரியாமல் குரல் மட்டும் போகும்படி வைத்தால் சிபாரிசும் சாதியும் குருவின் பெயரும் கொஞ்சமாவது வெளியே நிற்கும். இன்ன பரம்பரை என்று சொல்லிக்கொள்ள வழியில்லாத குடும்பத்துப் பிள்ளைக்கு அந்தத் திரை ஒரு பாதுகாப்பு. நான் அதை எளிதில் தள்ளிவிட மாட்டேன்.

ஆனால் திரைக்குப் பின்னால் இருப்பவர் ஒன்றும் சொல்ல முடியாது. ஏ கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை. காந்தாரம் எங்கே இறங்கியது, நிரவல் ஏன் ஒட்டவில்லை என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. வானொலியை அதற்காகக் குறைசொல்ல முடியாது. அது தரம் பிரிக்கும் நிலையம், பாடசாலை இல்லை. கோளாறு என்னவென்றால், திரையை விட்டுவிட்டு, மௌனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த வானொலி மனப்பான்மையை எல்லாப் போட்டிகளும் பின்பற்றின. இப்போது நடுவருக்குப் பிள்ளையின் முகம் தெரிகிறது, பள்ளி தெரிகிறது, உடையைப் பார்த்தால் வீட்டு நிலைமையும் தெரிகிறது, பல நேரம் பாட்டு வாத்தியார் யார் என்பதும் தெரிகிறது. தெரிந்தும் பேச மாட்டார்.

முகம் தெரிவது எவ்வளவு தூரம் காதைக் கெடுக்கும் என்பதற்கு ஆராய்ச்சி இருக்கிறது. சியா-ஜுங் சாய் என்ற பியானோ கலைஞர், உளவியல் ஆய்வாளரும்கூட, 2013இல் ஒரு சோதனையை வெளியிட்டார். பெரிய இசைப்போட்டிகளின் இறுதிச் சுற்றுப் பதிவுகளை எடுத்து, சிலருக்கு ஒலியை மட்டும் கேட்க வைத்தார், சிலருக்குச் சத்தமே இல்லாமல் படத்தை மட்டும் காட்டினார். யார் வென்றது என்று கேட்டபோது, சத்தமில்லாத படம் பார்த்தவர்களே அதிகம் சரியாகச் சொன்னார்கள். இசை பயின்ற தொழில்முறைக் கலைஞர்களும் அப்படித்தான். அதாவது அசல் போட்டியின் நடுவர்களும் காதைவிடக் கண்ணைத்தான் அதிகம் நம்பியிருக்கிறார்கள். மேடையில் அங்கசேஷ்டை கூடாது என்று சொல்லும் நம் பாட்டு வாத்தியார்கள் இந்த ஆய்வைப் படித்தால் என்ன சொல்வார்கள் என்று எனக்கு ஆவல் உண்டு.

பெல்ஜியத்தில் நடக்கும் ராணி எலிசபெத் போட்டி உலகப் புகழ் வாய்ந்தது. அதன் பியானோ இறுதிச் சுற்றில் பன்னிரண்டு பேர், ஆறு மாலைகளில், சீட்டுக் குலுக்கி எடுத்த வரிசைப்படி வாசிப்பார்கள். விக்டர் கின்ஸ்பர்க்கும் யான் வான் ஆவர்ஸும் 2003இல் அந்த முடிவுகளை அலசினார்கள். வரிசை வெறும் அதிர்ஷ்டம்தான் என்றாலும் பிந்தி வாசித்தவர்களுக்கு நல்ல இடம் கிடைத்திருந்தது. அப்படிக் கிடைத்த இடம் அவர்களின் பிற்கால வாழ்வையும் தூக்கிவிட்டிருந்தது. காலை ஒன்பது மணிக்கு முதல் ஆளாகக் கூப்பிடப்படும் வட்டாரப் போட்டிப் பிள்ளையை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. நடுவரின் காது இன்னும் சூடேறியிருக்காது. ஏழு கொடுப்பதா எட்டா என்ற அளவுகோலே மனதில் விழுந்திருக்காது. அமெரிக்க இசைக்குழுக்கள் திரை போட்டு ஆள் எடுத்ததில் பெண்களுக்கு வாய்ப்புக் கூடியது என்று கோல்டினும் ரௌஸும் 2000இல் எழுதிய கட்டுரை மிகவும் பிரபலம். அதன் புள்ளிக்கணக்கைப் பின்னால் சிலர் கேள்விக்கு உட்படுத்தியதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நடுவர்கள் ஒத்துப்போகாத கதைகளும் உண்டு. வார்சாவில் 1980இல் நடந்த ஷோப்பன் பியானோ போட்டியில் இவோ போகோரெலிச் இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகவில்லை என்றதும் மார்த்தா ஆர்கெரிச் நடுவர் பதவியை உதறிவிட்டுப் போனார். போகோரெலிச் பரிசு இல்லாமலே பெரிய ஆளானார். நடுவர் ஒருவர் தன் காதுக்காகக் கோபப்படுவதும் ஒரு பாடம்தான். வாசித்த இளைஞனுக்கு, தன்னை ஒருவர் உண்மையாகக் கேட்டார் என்று தெரிந்தது.

இந்தியாவில் பள்ளிக் கலைவிழா என்றால் கேரளத்தைப் பேசாமல் முடியாது. 1957இல் தொடங்கிய அவர்களுடைய மாநிலக் கலோற்சவத்தில் 1958இல் ஒரு பையன் வாய்ப்பாட்டிலும் இன்னொரு பையன் மிருதங்கத்திலும் முதல் பரிசு வாங்கினார்கள். முதலாமவர் கே.ஜே. யேசுதாஸ், இரண்டாமவர் பி. ஜெயச்சந்திரன். மிருதங்கத்தில் பரிசு வாங்கியவரும் பாட்டால் அறியப்பட்டார் என்பது நடுவர்களைப் பற்றி எதையும் நிரூபிக்காது. ஆனால் யோசிக்க நன்றாக இருக்கிறது. அந்த விழா வளர்ந்த விதம் நமக்கு எச்சரிக்கை. பரிசுக்கு மேல்படிப்பு மதிப்பெண் சேர்ந்ததும் பெற்றோர் செலவழிக்கத் தொடங்கினார்கள், நடுவர்கள்மீது புகார் குவிந்தது, மேல்முறையீடு கோர்ட்டுவரை போனது. ‘கலாபிரதிபா’, ‘கலாதிலகம்’ என்ற தனிநபர் பட்டங்களை அவர்கள் 2000களின் நடுவில் நிறுத்திவிட்டு, முதல், இரண்டு, மூன்று என்பதற்குப் பதிலாகத் தரம் கொடுக்கும் முறைக்கு நகர்ந்தார்கள். அரை நூற்றாண்டு அனுபவத்தில் அண்டை மாநிலம் கழற்றிவைத்த கிரீடத்தை, சுமார் பதினைந்து வருஷம் கழித்து நாம் புதிதாகச் செய்து கலையரசன், கலையரசி தலையில் வைத்திருக்கிறோம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மேடை தந்த வகையில் கலைத் திருவிழா பெரிய காரியம். அந்தப் பட்டம் மட்டும் எனக்கு உறுத்துகிறது.

தொலைக்காட்சி இந்தச் சிக்கலை விநோதமாகத் தீர்த்தது. விஜய் டிவியின் ‘சூப்பர் சிங்கர்’ 2006இல் வந்தது. நடுவர் நாற்காலியில் சித்ரா, மனோ, சுஜாதா, ஸ்ரீநிவாஸ், உன்னிகிருஷ்ணன் என்று தேர்ந்த பாடகர்கள்; மேடைக்கு வெளியே குரல் பயிற்சிக்கு அனந்த் வைத்தியநாதன். தீர்ப்புக்கு ஒருவர், பயிற்சிக்கு ஒருவர் என்று வேலையைப் பிரித்துவிட்டார்கள். அதோடு நடுவர் பேசியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் நிகழ்ச்சி இல்லை. கண்ணீர், கட்டிப்பிடித்தல், விளம்பர இடைவேளை எல்லாம் நமக்குத் தெரியும். அதையெல்லாம் வடிகட்டிய பிறகும் ஒன்று மிச்சமிருக்கிறது: பல்லவியில் மூச்சு எங்கே எடுத்தாய், அந்த எழுத்து ஏன் மழுங்கியது, மேல் ஸ்தாயியில் ஏன் தொண்டையை இறுக்கினாய் என்று ஒரு தேர்ந்த பாடகர் ஒரு சிறுவனிடம் சொல்வதை லட்சக்கணக்கான வீடுகள் கேட்டன. சபாவில் எவரும் இலவசமாகத் தராத பாடம் அது. சங்கீத உலகம் அந்த நிகழ்ச்சியைப் பார்த்து முகம் சுளித்ததே தவிர, அதிலிருந்து இதைக் கற்றுக்கொள்ளவில்லை.

சபாக்கள் என்ன செய்கின்றன? 1927இல் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டின் தொடர்ச்சியாக 1928இல் எழுந்த மியூசிக் அகாதெமி, டிசம்பர் விழாவில் மதிய நேரத்தை இளையவர்களுக்கு ஒதுக்குகிறது. கேட்டு மதிப்பிட்டுப் பரிசும் தருகிறது. காலை நேரத்தில் அந்த ஆண்டின் சங்கீத கலாநிதியாகத் தேர்வானவர் தலைமையில் வித்வான்கள் கூடிப் பேசுகிறார்கள். ராகத்தின் இலக்கணம் பற்றி மணிக்கணக்கில் வாதாடக்கூடிய அதே பெரியவர்கள், மதியம் பாடிய பெண்ணின் தோடியைப் பற்றி அவளிடம் பத்து நிமிடம் பேச ஒரு நாற்காலி போட்டதில்லை. கேண்டீனில் பேசுவார்கள். அங்கே டிபன் ஆறுவதற்குள் தீர்ப்பு வந்துவிடும், ஆனால் பாடியவள் காதுக்கு வருவதற்குள் அது வேறு உருவம் எடுத்திருக்கும். ஒரு காலத்தில் கல்கியும் பின்னர் சுப்புடுவும் அந்த வேலையை அச்சில் செய்தார்கள். சுப்புடுவின் பேனாவால் காயம்பட்டவர்கள் பலர். ஆனாலும் காரணம் சொல்லித்தான் குத்துவார்.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. டி.எம். கிருஷ்ணாவும் பாம்பே ஜெயஸ்ரீயும் 2008இல் தொடங்கிய ‘ஸ்வானுபவா’ மாணவர்களுக்கான விழா. அதில் போட்டி மையமில்லை. மூத்த கலைஞர் வருவார், பாடுவார், பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். கர்நாடக இசையோடு நாட்டார் கலைகளும் வந்தன. அமெரிக்காவில் 1978 முதல் நடக்கும் கிளீவ்லாந்து தியாகராஜ ஆராதனையில் போட்டிகள் பெரிய அளவில் உண்டு. இந்தியாவிலிருந்து போகும் கலைஞர்கள் நடுவர்களாக உட்காருகிறார்கள். ஆனால் அதே விழா, அங்கே வளரும் பிள்ளைகளை இங்குள்ள குருக்களிடம் மாதக்கணக்கில் கற்கவைத்து, அவர்கள் தயாரித்த நிகழ்ச்சியை மேடையேற்றவும் வழிசெய்தது. ஒரே பந்தலில் இரண்டு கதவு. கடல் தாண்டி இருப்பதால் அவர்களுக்குப் பற்றாக்குறை உறைத்தது. நமக்கு எல்லாம் பக்கத்தில் இருக்கிறது என்ற நினைப்பு.

யாழ்ப்பாணம் வேறு வழி பிடித்தது. 1931இல் தோன்றிய வட இலங்கை சங்கீத சபை, போட்டியைவிடத் தேர்வை நம்பியது. தரந்தரமாகப் பாடத்திட்டம், எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு. ஊர் ஊராகப் பிள்ளைகள் அந்தப் படிகளில் ஏறினார்கள். தேர்வில் யாரும் யாரையும் தோற்கடிப்பதில்லை. அடுத்த தரத்துக்கு என்ன பாடம் என்பது முன்கூட்டியே தெரியும். போருக்கு நடுவிலும் இசைக் கல்வி அங்கே அறுந்துபோகாமல் இருந்ததில் இந்த ஒழுங்குக்குப் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

பேசும் நடுவர் என்ற ஆளை ஒரு தொழிலாகவே வளர்த்தது பிரிட்டன். மேரி வேக்ஃபீல்ட் என்ற பாடகி 1885இல் கெண்டல் என்ற ஊருக்கு அருகே தொடங்கிய போட்டி விழாவிலிருந்து கிளைத்த மரபு அது. பாட வந்தவர்களில் பலர் வேலைக்குப் போகும் சாதாரண ஜனங்கள். அங்கே நடுவர் எல்லோரும் பாடி முடித்ததும் மேடையேறி, ஒவ்வொருவரைப் பற்றியும் சபையறியச் சொல்ல வேண்டும். எழுதிய தாளையும் கையில் கொடுக்க வேண்டும். கடைசி இடம் வந்தவருக்கும் ஒரு தாள் உண்டு. வேல்ஸ் நாட்டு ஐஸ்டெத்வாட் விழா இன்னும் ஒரு படி மேலே போய், இலக்கியப் போட்டிகளின் நடுவர் கருத்துகளை ஆண்டுதோறும் புத்தகமாகவே போடுகிறது. தகுதியான படைப்பு இல்லை என்றால் பரிசாகத் தரும் நாற்காலி யாருக்கும் இல்லை என்றும் சொல்லிவிடுவார்கள். பேச வேண்டும் என்ற கட்டாயம் நடுவரையும் ஒழுங்குபடுத்துகிறது. காரணம் சொல்ல வேண்டியவர் கண்ணை மூடிக்கொண்டு மார்க் போட முடியாது. எட்டி நிற்பதும் கிட்டே வருவதும் முரண் என்று தொடக்கத்தில் சொன்னேன். இந்த வழக்கத்தில் ஒன்று மற்றொன்றுக்குக் காவலாகிவிடுகிறது.

பாரபட்சம் வராதா? வரும். நம் ஊரில் இதுதான் பெரிய பயம். மாவட்டத்தில் நல்ல பாட்டு வாத்தியார்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். நடுவராக வருபவரின் மாணவியே போட்டியில் இருப்பாள், அல்லது அவருடைய மாணவரின் மாணவி. போட்டி முடிந்து, ‘நீ என்னிடம் வா’ என்று பரிசு பெற்ற பிள்ளையை நடுவர் இழுத்துக்கொண்டால் பழைய வாத்தியாருக்கும் அவருக்கும் ஜன்மப் பகை. அதனால்தான் வாயை மூடிக்கொள்கிறார்கள். ஆனால் மூடிய வாய் பாரபட்சத்தைத் தடுக்கவில்லை, மறைக்க மட்டுமே செய்கிறது. தன் மாணவர் பாடும்போது நடுவர் எழுந்து போய்விட வேண்டும் என்ற ஒரு விதி, எழுதிய கருத்தைக் கையில் கொடுக்க வேண்டும் என்ற இன்னொரு விதி — இவை இரண்டும் இருந்தால் பாதி வம்பு குறையும்.

ஒரகடம் வட்டாரத்துக்கு இதற்கு மேலும் ஒரு கஷ்டம் இருக்கிறது. மேசைக்குப் பின்னால் இருப்பவர் பெரும்பாலும் கர்நாடக இசையில் பயின்றவர். முன்னால் நிற்கும் பிள்ளை நாட்டுப்புறப் பாட்டு பாடுகிறது, பறை அடிக்கிறது, அல்லது சினிமாப் பாட்டின் மெட்டில் வேறு வரி போட்டுப் பாடுகிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைகளும் இந்தப் பள்ளிகளில் படிக்கிறார்கள். அவர்களுடைய குரலின் வளைவே வேறு. கமகத்துக்குக் கட்டம் போட்ட தாளில் ஒப்பாரியின் இழுப்பை எங்கே எழுதுவது? நல்ல நடுவர் என்றால் தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு பக்கத்தில் ஒரு பறைக் கலைஞரை, ஒரு தெருக்கூத்து வாத்தியாரை உட்காரவைக்க வேண்டும். காஞ்சிபுரம் மாவட்டத்தில் கூத்து வாத்தியார்களுக்கா பஞ்சம்? தமிழ்நாட்டின் பதினேழு அரசு இசைப்பள்ளிகளில் ஒன்று காஞ்சிபுரத்திலேயே இருக்கிறது: குரலிசை, தேவாரம், நாதசுரம், தவில், வயலின், மிருதங்கம், பரதம். நாதசுரமும் தவிலும் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார்கள் கோயில் திருவிழாவில் இரவெல்லாம் கேட்டும் வாசித்தும் பழகியவர்கள். ஒரு பிள்ளையின் காலப்பிரமாணம் ஓடுகிறதா நிற்கிறதா என்பதை முதல் ஆவர்த்தனத்திலேயே பிடித்துவிடுவார்கள்.

பள்ளி ஏணி பன்னிரண்டாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது என்பது அடுத்த சங்கதி. அதற்கப்புறம்தான் அந்தத் தொழிற்சாலைப் பகுதியில் இளைஞர் கூட்டமே தொடங்குகிறது. வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 2024 ஆகஸ்டில் திறந்த குடியிருப்பில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். பதினெட்டு, பத்தொன்பது, இருபது வயது. பள்ளியில் வட்டார அளவில் பரிசு வாங்கியவர்கள் அவர்களில் எத்தனையோ பேர் இருக்க வேண்டும். ஷிப்ட் முடிந்து வந்து போனில் பாடிப் பதிவேற்றினால் லைக் விழுகிறது. லைக்குக்குக் காரணம் சொல்லத் தெரியாது. கம்பெனி ஆண்டு விழாவில் பாடினால் கைதட்டலும் ஒரு ஹாட்பாக்ஸும் கிடைக்கும். வானொலி நடத்தும் தேசிய இசைப்போட்டி பதினாறு முதல் இருபத்துநான்கு வயதினருக்கானது. கணக்குப்படி அதற்கு இவர்கள் சரியான வயது. ஆனால் அது பெரும்பாலும் சாஸ்திரீயப் பயிற்சி கேட்பது. அங்கே போவதற்கு நடுவில் ஒரு படி வேண்டும், அந்தப் படியில் நிற்க ஒரு ஆளும் வேண்டும். பாட வருகிறவளைத் தரம் பிரிக்க அவசரப்படாத, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரக்கூடிய, சுருதிப் பெட்டியைக் கையோடு கொண்டுவரும் ஆள்.

பெரிய செலவு எதுவும் இல்லை. மாவட்டப் போட்டிக்கு வரும் நடுவருக்கு மதிப்பூதியம் கொடுக்கிறார்கள். பேசும் நேரத்துக்கும் சேர்த்துக் கொடுத்தால் பேசுவார். மார்க் தாளின் அடியில் இரண்டு வரி எழுத இடம் விட்டு, நகலைப் பிள்ளையிடம் தரலாம். ஒரு வரி நன்றாக இருந்ததற்கு, ஒரு வரி அடுத்த மாதம் எதைப் பழக வேண்டும் என்பதற்கு. வென்ற மூவரை மட்டும் கூப்பிடாமல் பாடிய எல்லோரையும் அரைமணி நேரம் உட்காரவைத்து, நடுவர் தானும் ஒரு பாட்டுப் பாடிக் காட்டலாம். நாயனாப் பிள்ளையிடமிருந்து எடுத்துக்கொள்ள முடிந்தது இதுதான்: தீர்ப்புச் சொன்ன வாய் பாடவும் வேண்டும். நிகழ்ச்சி நிரலில் இந்த அரைமணியைப் பரிசளிப்புக்கு முன்னால் அச்சிட வேண்டும். பின்னால் வைத்தால் பிரயோஜனம் இல்லை. சான்றிதழ் கைக்கு வந்ததும் வாலாஜாபாத் பஸ்ஸுக்கும் சுங்குவார்சத்திரம் பஸ்ஸுக்கும் எல்லோரும் ஓடிவிடுவார்கள்.